மூன்றாம் ரேக்கின் பின்னால் பதினான்கு பேர்

கணினிக்குள் ஒரு தொழிற்சாலையைக் கட்டு என்றால் கட்டிவிடுவேன். அதை, அக்கவுன்ட்ஸ் பிரிவில் பத்து வருடம் உழைத்து ஓய்ந்துபோன ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டு என்று சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, ஃபோர்க் லிஃப்ட் டிரைவர்களுக்கு ஒரு சிமுலேட்டர் செய்து தரும்படி எங்களைக் கேட்டிருந்தது. நாங்கள் என்றால், பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கும் மூன்று பேர். ஒருவர் முதலாளி ராஜேஷ்குமார். இன்னொருவர் எப்போதும் லீவில் இருப்பார். மூன்றாவது ஆள் வினிதாவாகிய நான். ஆகவே வேலை என்று வந்தால் எங்கள் நிறுவனம் ஓர் ஆள் நிறுவனம்.

ஒரு நாற்காலி, ஒரு ஸ்டியரிங், இரண்டு பெடல், சரக்கைத் தூக்கி இறக்க ஒரு லீவர், எதிரே ஒரு பெரிய டிவி. டிவிக்குள் அவர்களுடைய தொழிற்சாலை அப்படியே இருக்கும். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து, சரக்கு வந்து இறங்கும் இடத்திலிருந்து பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கிய மரத்தட்டுகளை, தூக்கிக்கொண்டுபோய் மெஷின் லைனில் வைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக்காரர்கள் தங்கள் வரைபடங்களை எல்லாம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். ரேக்கில் அடுக்கியிருந்த ஒவ்வோர் அட்டைப்பெட்டிக்குள்ளும் இருநூறு போல்ட்டுகள் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டிலும் மரை சுற்றிச் சுற்றி ஓடியது. மூடிய பெட்டிக்குள் யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப்போகாத அந்த மரைகளை எல்லாம் பாவம் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் வரைந்துகொண்டிருந்தது. வண்டியை ஒரு தடவை திருப்பினால் படம் முக்கி முனகித் திரும்பும். முதல் நாள் உட்கார்ந்து பார்த்த எச்.ஆர். மேனேஜர் சௌந்தரராஜனுக்குத் தலை சுற்றி, எலுமிச்சை ஜூஸ் வாங்கிவரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"வேற கம்ப்யூட்டர் கொடுங்க சார்" என்றேன்.

"அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்மா. நீங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது பண்ணுங்க" என்றார், ஜூஸை உறிஞ்சிக்கொண்டே.

ஏதாவது பண்ணினேன். எங்கள் தொழிலில் இதற்குக் கல்லிங் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாததைக் களைந்துவிடுவது, அவ்வளவுதான். டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதை மட்டும் வரை. முதுகுக்குப் பின்னால் இருப்பதை வரையாதே. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதை வரையாதே. பெட்டிக்குள் இருக்கும் போல்ட்டைத் தொடவே தொடாதே. அவர் திரும்பிப் பார்த்தால் அப்போது வரைந்துகொள்ளலாம். நாடக செட்டின் பின்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லையே, அந்த மாதிரி.

நான்கு நாள் உட்கார்ந்து களைந்தேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த சந்தோஷத்தில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு ஏறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்குள் நடமாடுவதற்காக, அங்கே நிஜமாக வேலை செய்பவர்களின் சாயலிலேயே பதினான்கு பணியாளர்களைச் செய்து வைத்திருந்தேன். டிரைவர் பார்க்காதபோது இவர்களை வரையப்போவதில்லை; வரையாத ஆளுக்கு நடை மட்டும் எதற்கு என்று தோன்றியது. ஒரே ஒரு வரி எழுதினேன். டிரைவர் கண்ணில் படாத ஆள் அப்படியே நின்றுவிட வேண்டும். கண்ணில் பட்டால் மறுபடியும் நடக்கலாம். ராஜேஷ்குமார் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப்போய் எனக்கு ஓர் எக் பஃப்ஸ் வாங்கிவந்தார். மூன்று வருட சர்வீஸில் அது இரண்டாவது பஃப்ஸ்.

பரீட்சை திங்கட்கிழமை தொடங்கியது. கான்ட்ராக்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பதினோரு பேரில் யார் யார் தேறுகிறார்களோ அவர்களுக்கு வேலை நிரந்தரம். தேறாதவர் வண்டியைவிட்டு இறங்கிப் பேக்கிங்குக்குப் போக வேண்டும். பத்து பேலட், எட்டு நிமிடம், யார் மீதும் எதன் மீதும் இடிக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

தேன்கனிக்கோட்டை சுபாஷ் முதலில் உட்கார்ந்தான். ரிங் ரோட்டில் டூவீலர் ஓட்டுகிற வேகத்தில் ஓட்டி, ஆறரை நிமிடத்தில் பத்தையும் வைத்துவிட்டு எழுந்தான். ஓர் இடி இல்லை. அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியேதான். செவ்வாய் மதியத்துக்குள் பத்துப் பேர் தேறிவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்து "சூப்பர் மேடம்" என்றார்கள். எனக்கும் அது சூப்பராகத்தான் பட்டது.

பதினோராவது ஆள் வெள்ளைச்சாமி. சாத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். ஒன்பது வருடமாக அங்கே ஓட்டுகிறார், வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று வாசலில் இருந்த செக்யூரிட்டி திம்மப்பன் வரை எல்லோரும் சொன்னார்கள். அந்த மனிதர் முதல் வாய்ப்பில் ஒரே ஒரு பேலட்டைத்தான் கொண்டுபோய் வைத்தார். மூன்றாம் ரேக்கின் முனையில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எட்டு நிமிடம் முடிந்து படம் அணைந்துவிட்டது.

முதல் தடவை பதற்றம் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாய்ப்பிலும் அதே இடத்தில் போய் நின்றார். மூன்றாம் ரேக்குக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஆட்கள் குறுக்குவழியாக அதில் நுழைந்து, மறு முனையில் மறுபடியும் வண்டிப் பாதைக்கே வருவார்கள். வண்டியில் வருபவருக்கு, சந்தின் வாய்க்கு நேரே வந்தால் தவிர உள்ளே எதுவும் தெரியாது.

"ஏங்க நிக்கறீங்க?" என்றேன்.

"டீ வண்டி தள்ளிக்கிட்டு நாராயணம்மா உள்ள போனாங்க மேடம். இன்னும் வெளிய வரலியே."

"அது பொம்மைங்க. நீங்க போங்க."

"பொம்மைன்னாலும் உள்ளதான போச்சு. வந்துரட்டும்."

"வராதுங்க."

"உள்ள போன ஆளு வராம எங்க மேடம் போவாங்க? பின்சுவத்துல கதவு கிடையாதே."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்போது என் காதில் நியாயம் ஏறவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னுடைய நாற்காலியில் ஒரு மனிதர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருக்கிறார் என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. "ஒன்பது வருஷம் எப்படித்தான் ஓட்டினீங்களோ" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சுபாஷ் சிரித்தான்.

வெள்ளைச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து, நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு ஒண்ணு இருக்குல்ல மேடம்" என்று கேட்டார். "வேலை நிரந்தரமாச்சுன்னா ஜூன்ல வீட்டையும் புள்ளையையும் இங்க கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கேன். ரெண்டு பேரும் சாத்தூர்லதான் இருக்காங்க. புள்ள ரெண்டாப்பு முடிக்கப்போறா. நான் லீவுக்குப் போனா, யாரு வந்திருக்கான்னு அவங்க அம்மாகிட்ட கேக்குது." இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் பயிற்சி அறையைத் திறப்பதற்கு முன்பே கதவருகே நின்றிருந்தார். கையில் டீக்கடை ரசீதின் பின்பக்கம் பேனாவால் எழுதிய ஒரு பட்டியல்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நேத்து ரெண்டு தடவையும் நின்னேன்ல, அப்ப எண்ணிக்கிட்டே இருந்தேன். சந்துக்குள்ள போனது நாராயணம்மா, ரெண்டு ஃபிட்டர், ஒரு எலக்ட்ரீசியன், க்யூ.சி. பொண்ணுங்க மூணு பேரு, திம்மப்பன், இப்படி மொத்தம் பதினாலு. வெளிய வந்தது ஒருத்தரும் இல்ல. உள்ள என்ன இருக்கு? ஏதும் விபத்தா?"

விபத்து எதுவும் இல்லை என்று காட்டத்தான் கூரைக்கு மேலிருந்து பார்க்கும் காட்சியைத் திறந்தேன். அதை நான் கல்லிங் முடிந்த பிறகு திறந்து பார்க்கவே இல்லை. அவர் நேற்று ஓட்டிய ஓட்டத்தை மறுபடியும் ஓடவிட்டேன். ரேக்கின் முனையில் அவருடைய வண்டி வந்து நின்றது. ஒவ்வொருவராகச் சந்துக்குள் நுழைந்தார்கள். நுழைந்த மறுநொடி டிரைவரின் பார்வையிலிருந்து மறைந்தார்கள். மறைந்ததும் நின்றார்கள், ஏனென்றால் நிற்கச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். நாராயணம்மாவின் முதுகுக்குள் ஃபிட்டர் நின்றார். ஃபிட்டருக்குள் திம்மப்பன். மூன்று பெண்களும் டீ வண்டிக்குள் இடுப்புவரை புதைந்திருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்துக்குள் மொத்தத் தொழிற்சாலையும் மூன்றாம் ரேக்கின் பின்னால் ஒரே குவியலாக நின்றுகொண்டிருந்தது. அந்தக் குவியலின் உச்சியில், காதில் ஃபோனோடு, சௌந்தரராஜனின் தலை. மேனேஜரும் படத்தில் இருந்தால்தான் டிரைவர்களுக்குப் பயம் வரும் என்று தன் ஃபோட்டோவை அவரே கொடுத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுபாஷும் மற்ற ஒன்பது பேரும் ஏன் இடிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இடிப்பதற்கு வழியில் ஆளே இல்லை. எல்லோரும் மறைவில் போய் உறைந்துவிட்டார்கள். யோசிக்காமல், சந்தின் வாயை ஒரே நொடியில் கடந்து பறந்தவர்களுக்குப் பாதை காலியாகக் கிடந்தது. உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்த ஒரே மனிதரை நான் தோற்கடித்திருந்தேன். போதாக்குறைக்கு, ஆட்களை நிறுத்தி வைத்ததால் கம்ப்யூட்டருக்கு மிச்சமும் ஒன்றும் இல்லை. வரைவதுதான் பாரம். நடப்பது அதற்கு ஒரு பொருட்டே கிடையாது.

வெள்ளைச்சாமியிடம் இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முதலாளிக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"வினிதா, வெள்ளிக்கிழமை பூனாவுல இருந்து அவங்க ஹெட் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க. பத்துப் பேரு பாஸ்னு ரிப்போர்ட் போயாச்சு. இப்பப் போய் தப்பா ஓடுச்சுன்னு சொன்னா நம்மள உள்ளயே விடமாட்டாங்க."

"அப்ப அவரு?"

"அவர்கிட்ட ரகசியமா சொல்லிடு. யாரும் வரமாட்டாங்க, நிக்காம போங்கன்னு. அவரும் பாஸ் ஆயிடுவாரு, எல்லாருக்கும் நல்லது."

அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது என்பதை மறைக்கப்போவதில்லை. வெளியே போய் வெள்ளைச்சாமியிடம் சொன்னேன். "சந்துக்குள்ள இருந்து யாரும் வெளிய வரமாட்டாங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு. நம்பிப் போங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரிங்க மேடம். போயிர்றேன்."

மூன்றாம் வாய்ப்பு மதியம் மூன்று மணிக்கு. சௌந்தரராஜன் கையில் பட்டியலோடு வந்து உட்கார்ந்தார். கடைசி ஆள் என்பதால் சுபாஷும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ராஜேஷ்குமாரும் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வெள்ளைச்சாமி முதல் பேலட்டைத் தூக்கினார். அழகான ஓட்டம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாராயணம்மா டீ வண்டியோடு சந்துக்குள் நுழைந்தாள். வெள்ளைச்சாமியின் வண்டி மூன்றாம் ரேக்கின் முனைக்கு வந்தது. போய்விடுங்கள், போய்விடுங்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வண்டி மெதுவானது. ஒரு முழம் நகர்ந்தது. நின்றுவிட்டது.

"வெள்ளைச்சாமி, டைம் போகுது" என்றார் சௌந்தரராஜன்.

"தெரியுது சார்."

"போங்களேன்."

"மேடம் சொன்னாங்க சார், வரமாட்டாங்கன்னு. நானும் போயிரணும்னுதான் வந்தேன்." வலது காலைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். "கால் அமுக்க மாட்டேங்குது சார்."

யாரும் சிரிக்கவில்லை. சுபாஷ்கூடச் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, பிள்ளையின் ஜூன் மாதம் நொடி நொடியாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டே, அந்த மனிதர் ஒரு பொம்மைக்காக நின்றுகொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன். ராஜேஷ்குமார் என் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். துப்பட்டா அவர் கையோடு போய்விட்டது.

"சார், நிறுத்துங்க. தப்பு அவர் மேல இல்ல. என் மேல."

எல்லாவற்றையும் சொன்னேன். மேலிருந்து பார்க்கும் காட்சியைத் திறந்து, சந்துக்குள் இருந்த குவியலையும் காட்டினேன். சௌந்தரராஜன் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"திம்மப்பன் தோள் மேல இருக்கறது நானா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நேரமா?"

"திங்கக்கிழமையில இருந்து சார்."

நான் அந்த ஒரு வரியை எல்லோர் முன்னாலும் அழித்தேன். எட்டு நிமிடத்தில் படம் அணைவதையும் நிறுத்தி வைத்தேன். "இனி யாரு பார்த்தாலும் பார்க்காட்டியும் இவங்க நடப்பாங்க. அவருக்கு இந்த வாய்ப்பை முதல்ல இருந்து கொடுங்க சார்."

அவர் தலையசைத்தார். வெள்ளைச்சாமி மறுபடியும் தொடங்கினார். ரேக்கின் முனையில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூன்று நொடியில் நாராயணம்மா டீ வண்டியோடு சந்திலிருந்து வெளியே வந்தாள். வெள்ளைச்சாமி தன்னை அறியாமல் திரையைப் பார்த்துத் தலையசைத்து, அவள் போன பிறகு வண்டியை எடுத்தார். அடுத்த நடையில் மூன்று பெண்கள். அதற்கடுத்து ஃபிட்டர்கள். ஃபோனில் பேசியபடி சௌந்தரராஜனும் வெளியே வந்தார், அவரையும் விட்டார். பத்து பேலட்டும் போய்ச் சேர்ந்தன. இடி இல்லை, உரசல்கூட இல்லை. பத்து நிமிடம் நாற்பது நொடி.

சௌந்தரராஜன் பட்டியலைப் பார்த்தார். "எட்டு நிமிஷம்னு போட்டிருக்கே."

"சார்" என்றேன்.

"ரூல்னா ரூல்மா. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு அதிகம். நான் என்ன பண்ண?"

என் கோபம் அப்போதுதான் உருப்படியான ஒரு வேலை செய்தது. "அப்ப எட்டு நிமிஷத்துல முடிச்சவங்க ஒருத்தரை இப்ப உட்காரச் சொல்லுங்க சார். ஆட்கள் நடக்கறப்போ."

"பாஸ் ஆனவனுக்கு எதுக்கு மேடம் மறுபடியும்?" என்றான் சுபாஷ். ஆனால் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தான்.

வழக்கமான வேகத்தில் கிளம்பினான். மூன்றாம் ரேக்கின் முனையில் அவன் பிரேக்கைத் தேடியபோது காலம் கடந்துவிட்டது. சந்திலிருந்து வெளியே வந்தவர் சௌந்தரராஜன். காதில் ஃபோன். வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு இரும்பு முள்ளும் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு, நான்காம் ரேக்கின் மேல் தட்டில் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு நின்றன. கீழே விழும் அளவுக்கு நான் அவரைச் செய்து வைத்திருக்கவில்லை. ஆகவே மேலே நின்றபடியே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.



"சாரி சார்" என்றான் சுபாஷ், திரையைப் பார்த்தா நிஜ ஆளைப் பார்த்தா என்று தெரியாமல்.

சௌந்தரராஜன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்தார். "சிமுலேட்டர்ல நான் அந்த வழியா வந்தது சரி. நிஜத்துல நான் வண்டிக்குக் குறுக்கே எல்லாம் வர்றதில்ல. வந்திருந்தா இவ்வளவு வருஷத்துல ஏதாவது ஆகியிருக்கணுமே."

"வர்றீங்க சார்" என்றார் வெள்ளைச்சாமி.

"எங்க?"

"அந்த சந்துலதான் சார். தினம் நாலரைக்கு டெஸ்பாட்ச் ஆபீசுக்குப் போறப்போ. ஃபோன் பேசிக்கிட்டே வர்றதால ஹாரன் அடிச்சாலும் உங்களுக்குக் கேக்காது. அதான் நீங்க தாண்டிப் போற வரைக்கும் நிப்பேன்."

"நாலரைக்கு நீங்க அங்க நிப்பீங்களா?"

"ஆமா சார். ஒன்பது வருசமா."

"நான் ஒரு நாளும் உங்கள அங்க பார்த்ததே இல்லையேப்பா."

"நீங்க எப்படி சார் பாப்பீங்க? நான் ரேக்குக்கு இந்தப் பக்கம்ல நிப்பேன்."

சௌந்தரராஜன் பட்டியலை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, எட்டு என்று இருந்ததை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதி, வெள்ளைச்சாமியின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். மற்ற பத்துப் பெயர்களுக்கும் நேரே 'மறுபடியும்' என்று எழுதினார். ராஜேஷ்குமார் துப்பட்டாவை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். அதற்குப் பிறகு பஃப்ஸ் பேச்சே எழவில்லை. வெள்ளைச்சாமி வராந்தாவில் நின்று மனைவிக்கு ஃபோன் செய்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் டி.சி.க்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன்.

பத்துப் பேரும் ஒரு மாதத்தில் தேறிவிட்டார்கள். சுபாஷுக்கு மூன்று வாய்ப்பும் தேவைப்பட்டது. சௌந்தரராஜன் இப்போதும் நாலரை மணிக்கு டெஸ்பாட்சுக்குப் போகிறார், காதில் ஃபோனும் இருக்கிறது. சுபாஷ் ஷிப்டில் இருக்கும் வாரம் கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போகிறார். வெள்ளைச்சாமி ஷிப்டில் இருக்கும் வாரம் மட்டும் சந்து வழியாகப் போகிறார்.